மைனஸ் எட்டுப் புள்ளி ஆறின் மகிமை

புரதங்களின் வடிவத்தையும் கணினியின் வேகத்தையும் ஒரே செங்கோலின் கீழ் வைத்து ஆண்டருளும் முனைவர் பட்ட முறைமைப் பெருமானின் திருச்சமூகத்துக்கு, வெண்ணாற்றங்கரை நீடாமங்கலத்துக் குடிகள் எட்டங்கமும் தரையில் தோய விழுந்து வணங்கி எழுதிக்கொள்ளும் பாராட்டு மடல்.

தங்களைப் புகழ இந்தச் சிற்றூருக்கு என்ன யோக்கியதை என்று சபையில் உள்ளவர்கள் கேட்கலாம். யோக்கியதை உண்டு. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் ரயில் பாதையில் மன்னார்குடிக்குக் கிளை பிரியும் ஜங்ஷன் எங்களுடையது. அங்கே ஒரு கேட் இருக்கிறது. நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில் நகரும்வரை, என்ஜின் கழன்று மறுமுனையில் மாட்டும்வரை அது மூடியே கிடக்கும். கல்யாண கோஷ்டியும் நிற்கும், ஆம்புலன்ஸும் நிற்கும், அறுவடை மிஷினும் நிற்கும். ஏன் மூடினார்கள், எப்போது திறப்பார்கள் என்று கேட்காமல் நிற்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு வந்த வித்தை. தங்கள் சந்நிதானத்தில் அடியெடுத்து வைக்க இதைவிடச் சிறந்த பயிற்சி ஏது? 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதி, ஆய்வை முடிக்க ஆறு ஆண்டு என்றும், மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு என்றும், பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு என்றும் கருணை பொழிந்திருக்கிறது. பத்து ஆண்டுவரை மூடியிருக்கக்கூடிய கேட்டுக்கு முன்னால் எங்கள் ஊர்க் கேட் எம்மாத்திரம்!

எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் தங்கள் திருவடி சேர்ந்தாள். குத்தகை நிலத்தில் சாகுபடி செய்பவரின் மகள். பயோடெக்னாலஜியில் பட்டம், பயோஇன்ஃபர்மேடிக்ஸில் முதுகலை, பிறகு கட்டமைப்பு உயிரியலும் கணினிவழி உயிரியலும் சேர்ந்த ஆய்வு. அவள் பெயர் வேண்டாம். தங்கள் மகிமையைப் பாடும் இடத்தில் குடிகளின் பெயர் எதற்கு? அவள் சேர்ந்த கல்விக்கூடத்தின் பெயரும் வேண்டாம். தங்கள் ஆட்சி ஓரிடத்தோடு முடிந்துவிடுவதா என்ன? அவளுடைய ஏழாண்டுத் தவத்தைப் பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தவன் என்ற உரிமையில், கண்ட அற்புதங்களைச் சொல்கிறேன்.

புரதத்தைக் கண்ணால் காணாமலே அவளைப் புரத வல்லுநர் ஆக்கினீர்களே, அது முதல் அற்புதம். பழைய காலத்து அறியாமையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பார்கள். இருபத்துநான்கு குழித் தட்டில், கண்ணாடி வில்லையின் அடியில் ஒரு மைக்ரோலிட்டர் சொட்டாகத் தொங்கவிடுவார்கள். குழியின் விளிம்பில் கிரீஸ் தடவி மூடிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். உப்பு கொஞ்சம் கூடினால் சொட்டு பால் திரிந்தாற்போல் திரிந்துவிடும். குறைந்தால் தெளிந்த நீராகவே கிடக்கும். எத்தனையோ தட்டுகள் வீணான பிறகு, ஒரு நாள் மைக்ராஸ்கோப்பின் அடியில் கற்கண்டுத் துகள் போல ஒரு படிகம் மின்னும். அதை எக்ஸ்ரே கதிரில் காட்டி, சிதறிவிழும் புள்ளிகளிலிருந்து ஒவ்வோர் அணுவின் இடத்தையும் கணக்கிட்டு எடுப்பார்கள். எவ்வளவு உழைப்பு, எவ்வளவு தோல்வி! தங்கள் அருளாட்சியில் எங்கள் பெண்ணுக்கு அப்படி ஒரு தோல்வி ஒருநாளும் நேரவில்லை. ஏழு ஆண்டில் அவள் பிப்பெட்டைக் கையில் பிடித்தது, கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழு பார்வையிட வந்த அன்று, வெள்ளைக் கோட்டு மாட்டிப் போட்டோவுக்கு நின்றபோது மட்டும். குழாய்க்குள் இருந்தது நீல மை கலந்த தண்ணீர் என்று அவளே சொன்னாள். அந்தப் போட்டோ இன்றும் துறையின் வாசலில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறதாம்.

அடுத்து, டாக்கிங் என்னும் மகா யாகம். புரதம் ஒரு பூட்டு; மருந்து ஒரு சாவி; எந்தச் சாவி எந்தத் துளையில் எவ்வளவு இறுக்கமாக உட்காரும் என்று கணினி ஊகித்துச் சொல்வதுதான் டாக்கிங். பூட்டு, புரத வடிவ வங்கியில் இலவசமாகக் கிடைக்கிறது. 1971இல் ஏழே வடிவங்களோடு தொடங்கிய அந்த வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவருடைய திரிந்த சொட்டுகள் இருக்கின்றன. சாவிக்கு எங்கள் வாய்க்கால் கரையே போதும்: நிலவேம்பு, ஆடாதொடை, கீழாநெல்லி. மென்பொருளும் இலவசம். நல்ல ஆசிரியர் கையில் இதுவே எவ்வளவு பெரிய கல்வி ஆகியிருக்கும் என்ற வீண் யோசனைக்குத் தாங்கள் இடமே வைக்கவில்லை.

யாகத்தில் முதல் ஆகுதி தண்ணீர். வடிவத்தைத் திறந்ததும் அதில் ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறுகளை எல்லாம் அழித்துவிட வேண்டும் என்று, இரண்டு நாள் பயிலரங்கில் கொடுத்த ஜெராக்ஸ் தாளில் இருக்கிறது. ஒரு சொடுக்கு, தண்ணீர் போயிற்று. எய்ட்ஸ் வைரஸின் புரோட்டியேஸ் நொதியில், மருந்துக்கும் புரதத்துக்கும் நடுவே நின்று இரண்டையும் கைகோக்க வைப்பது ஒரே ஒரு நீர் மூலக்கூறு. எதை விட்டுவைப்பது, எதை எடுப்பது என்று யோசிப்பதுதான் அந்தக் கலையில் பாதி. அந்த யோசனையை ஜெராக்ஸ் தாள் மிச்சப்படுத்திக் கொடுத்தது. ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று வானத்தையும் செய்தித்தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தே தலை நரைத்த ஒருவரின் மகளுக்கு, தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை என்று முதல் நாளே உபதேசித்த தங்கள் துணிச்சலை எந்த வாயால் மெச்சுவோம்!

பிறகு ஹைட்ரஜன் ஏற்றுதல், மின்சுமை பூசுதல், சாவியை எங்கே நுழைத்துப் பார்ப்பது என்று காட்டப் புரதத்தின் மேல் ஒரு கிரிட் பாக்ஸ் வைத்தல். பொத்தானை அழுத்திவிட்டு டீ குடித்து வந்தால், திரையில் எண் எழுந்தருளியிருக்கும். எங்கள் பெண்ணுக்கு எழுந்தருளியது மைனஸ் எட்டுப் புள்ளி ஆறு கிலோகலோரி. அன்று இரவு அவள் போன் செய்து சொன்னபோது அவள் அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினார். எண் எதைக் குறிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் அவர் மகளுக்கும் இல்லை என்பதுதான் தங்கள் பெருந்தன்மை.

அந்த எண்ணின் பெருமையை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1.4 கிலோகலோரி கூடினால் ஒட்டும் வலிமை பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். இத்தகைய மென்பொருள்களின் ஊகமோ இரண்டு, மூன்று கிலோகலோரி இப்படியும் அப்படியும் போகக்கூடியது. ஆகவே மைனஸ் எட்டுப் புள்ளி ஆறு என்பது நூறு மடங்கு இறுக்கமாகவும் இருக்கலாம், நூறு மடங்கு தளர்வாகவும் இருக்கலாம். உண்டு, இல்லை என்ற இருமையைக் கடந்து நிற்கும் இப்படி ஓர் எண்ணை ஞானிகள் அல்லவா தேடி அலைந்தார்கள்! அதை அட்டவணையில் மைனஸ் எட்டுப் புள்ளி மூன்றுக்குப் பக்கத்தில் வைத்து, புள்ளி மூன்று கூடியதால் நிலவேம்பே சிறந்தது என்று முடிவுரை எழுத வைத்தீர்கள். உண்மையான குழாயில், உண்மையான புரதத்தோடு, ஒரே ஒரு முறையாவது அது ஒட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லவே இல்லை. சுண்ணாம்பு தடவாமல் வெற்றிலை சிவக்குமா என்று கேட்பது எங்கள் கிராமத்துப் புத்தி. தங்கள் அரண்மனையில் சிவப்பு என்று எழுதினாலே சிவந்துவிடும்.

2020இல் இந்த யாகம் உச்சம் தொட்டதை மறக்க முடியுமா? கொரோனா வைரஸின் முக்கியப் புரோட்டியேஸ் வடிவத்தைச் சீன அறிவியலாளர்கள் கண்டறிந்து, 6எல்யூ7 என்ற எண்ணில் அந்த பிப்ரவரியிலேயே உலகுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். ஊரடங்கில் அடைபட்டுக் கிடந்த நாட்களில், சமையலறை அஞ்சறைப்பெட்டியில் உள்ள அத்தனை பொருளும் அந்தப் பூட்டில் சாவியாக நுழைந்து வெளிவந்தது. மஞ்சள் ஒட்டியது, மிளகு ஒட்டியது, இஞ்சி ஒட்டியது, சுக்கும் தனியாக ஒட்டியது. ஒட்டாத பொருள் ஒன்றுகூடத் தங்கள் ராஜ்ஜியத்தில் இல்லை. எல்லாமே மருந்து என்று ஆனபின், எது மருந்து என்று ஒரு நோயாளி கேட்டிருந்தால் அவருடைய அவசரத்தைத்தான் குறை சொல்ல வேண்டும்.

இப்போது ஆல்ஃபாஃபோல்டு வந்துவிட்டது. புரதத்தின் வரிசையைக் கொடுத்தால் வடிவத்தை ஊகித்துக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு. 2022இல் இருபது கோடிக்கு மேற்பட்ட வடிவங்களை அது திறந்துவைத்தது; 2024இல் அதை ஆக்கிய டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும், புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. அது நேர்மையான கருவி. தனக்கு எங்கே உறுதி இருக்கிறதோ அங்கே நீலம் பூசும். எங்கே சந்தேகமோ அங்கே ஆரஞ்சு பூசி, இதை நம்பாதே என்று தானே சொல்லும். எங்கள் பெண்ணின் புரதத்தில் ஒரு நீண்ட ஆரஞ்சு வால், அவிழ்ந்த இடியாப்பம் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வாலின் வளைவில்தான் கிரிட் பாக்ஸ் வைக்கப்பட்டது. நிறம் நன்றாக எடுக்கிறது என்று கைடு பாராட்டினாராம். இயந்திரமே கூச்சப்பட்டுச் சந்தேகித்த இடத்தில் சந்தேகமே இல்லாமல் குடியேறும் வீரத்தை வேறு எந்தக் குருகுலம் கற்றுத் தரும்?

தங்கள் ஒளியை அளந்து காட்ட, தங்களுக்கு முந்திய இருண்ட காலத்தையும் சொல்ல வேண்டும். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், முப்பது வயது ஜி.என். ராமச்சந்திரனை அழைத்து இயற்பியல் துறையை ஒப்படைத்தார். லண்டனிலிருந்து வந்த பெர்னால் என்ற அறிஞர், கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். உடனே ராமச்சந்திரன் பக்கத்திலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கொலாஜன் வாங்கி, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து எக்ஸ்ரே படம் எடுத்து, 1954இல் முப்புரிச் சுருள் என்று வடிவம் சொன்னார். நமது தோலையும் எலும்பையும் தசைநாரையும் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் கயிறு மூன்று புரி கொண்டது என்று கிண்டியில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள்.

அதோடு நிறுத்தினார்களா? கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக்கும் ரிச்சும், உங்கள் வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று குறை சொன்னார்கள். தங்கள் ஆட்சியாக இருந்தால் அந்தக் குறையை வேறொரு பத்திரிகைக்கு அனுப்பி எளிதாகத் தாண்டியிருக்கலாம். ராமச்சந்திரன் என்ன செய்தார் தெரியுமா? அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று அதுவரை வெளிவந்த படிக வடிவங்களை எல்லாம் எடுத்து அளக்க உட்கார்ந்துவிட்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஃபை, சை என்று இரண்டு திருகுகோணங்கள் உண்டு. எல்லாப் பக்கமும் திருக முடியாது. அணுவோடு அணு இடிக்கும். எந்தெந்தக் கோணத்தில் இடிக்காது என்று அவரும் அவருடன் இருந்த சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் மேசைக் கணக்கியந்திரத்தைத் தட்டித் தட்டிக் கணக்கிட்டார்கள். 1963இல் ஐந்தே பக்கத்தில் கட்டுரை வந்தது. ஐந்து பக்கம்! தங்கள் ஆட்சியில் நன்றியுரைக்கே அதற்குமேல் ஆகும். அந்த ஐந்து பக்கத்து வரைபடத்தில் வைத்துத்தான் இன்றும் உலகில் எந்தப் புரத வடிவம் வந்தாலும் சரியா தவறா என்று பார்க்கிறார்கள்.

எங்கள் பெண்ணின் தீசிஸிலும் அந்த வரைபடம் இருக்கிறது. வண்ணத்தில், முழுப் பக்கத்தில். ராமச்சந்திரன் பிளாட் போட்டிருக்கிறாயே, அவரைப் பற்றி என்ன தெரியும் என்று ஆசையோடு கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "அது ஒரு சர்வர், பெரியப்பா. ஃபைலை அப்லோடு பண்ணினா படம் வரும்" என்றாள். ஒரு மனிதரை, அவர் பெயரைக் காப்பாற்றிக்கொண்டே, அவர் செய்ததை எல்லாம் மறக்கச்செய்து, ஒரு பொத்தானாக மாற்றிவிட்ட தங்கள் ரசவாதத்தை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவள் கெட்டிக்காரி. யாராவது ஒருவர், ஒரு மதியம், ஒரு கரும்பலகையில், இரண்டு அணுக்கள் ஏன் இடிக்கின்றன என்று அவளுக்கு வரைந்து காட்டியிருந்தால் போதும், அவள் பிடித்துக்கொண்டிருப்பாள். பத்தாவது படிக்கும்போது என் வீட்டுத் திண்ணையில் தீக்குச்சியும் புளியங்கொட்டையும் வைத்து மீத்தேன் செய்து காட்டியவள் அவள்.

கிரிக்குகளும் ரிச்சுகளும் இல்லாத சபையை அமைத்துக் கொடுத்ததும் தாங்களே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆய்வை மேற்பார்க்கும் குழுவின் டிசி மீட்டிங். சமோசா, டீ, இருபது ஸ்லைடு. ஒரு பெரியவர் எழுத்து சிறியதாக இருக்கிறது என்பார். இன்னொருவர் தலைப்பில் ஒரு சொல்லைத் திருத்துவார். மூன்றாமவர் தன் பயணப்படி படிவத்தில் கையெழுத்து எங்கே என்று கேட்பார். மனம் புண்படும்படி ஒரு கேள்வி அந்த அறையில் எழுந்ததில்லை. இந்த எண்ணை எப்படிச் சோதித்தாய் என்று ஒருவர் கேட்டால் ஏழு ஆண்டும் சரிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் காட்டிய கண்ணியம் அது.

குருவைப் பாடாமல் மடல் முடியுமா? எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் ஆலங்குடி, குரு ஸ்தலம். அங்கே தட்சிணாமூர்த்தி மௌனத்தாலேயே சீடர்களின் சந்தேகத்தைத் தீர்க்கிறார். தங்கள் அவையின் கைடு அந்த மௌனத்தில் அவரையும் விஞ்சியவர். அனுப்பிய அத்தியாயம் எட்டு மாதம் மேசையில் மௌனத்தில் இருக்கும். மெயிலுக்கு மௌனம், வாட்ஸாப்பில் நீலக் குறியோடு மௌனம். எங்கள் பெண்ணின் அம்மா வியாழன்தோறும் ஆலங்குடிக்கு பஸ் ஏறி, 24 சுற்று சுற்றி, 24 நெய்விளக்கு ஏற்றிவிட்டு வருவார். கல்லால் ஆன குரு எப்படியாவது அந்தக் கையெழுத்தை வாங்கித் தருவார் என்ற நம்பிக்கை.

குருகுல மரபைத் தாங்கள் காப்பாற்றுகிற அழகே தனி. தவில் மேதை மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஊர் எங்கள் நீடாமங்கலம். சீடன் குரு வீட்டில் தங்கித் தண்ணீர் இறைத்து, மாடு கழுவி, கால் பிடித்து வித்தை கற்பது எங்களுக்குத் தெரியாததல்ல. அங்கே விடியலில் குரு எதிரே உட்கார்ந்து, விரலில் பிசகிய ஒரு சொல்லை நூறு முறை திருத்தி வாசிக்க வைப்பார். தாங்கள் அந்த மரபில் தண்ணீர் இறைப்பதையும் கால் பிடிப்பதையும் பக்தியோடு காப்பாற்றி, விடியலை மட்டும் நீக்கிவிட்டீர்கள். எங்கள் பெண் கைடின் விடைத்தாள்களுக்குக் கூட்டல் போட்டாள். அவர் மகனுக்கு நீட் கோச்சிங் ஃபீஸ் கட்ட பேங்க் வரிசையில் நின்றாள். மாநாட்டுக்கு வந்த விருந்தினரைத் திருச்சி ஏர்போர்ட்டில் மாலையோடு வரவேற்றாள். நாக் வந்தபோது ராத்திரி பதினொரு மணிவரை கோலம் போட்டாள். வண்ணப்பொடியில் டிஎன்ஏ இரட்டைச் சுருள். அது வலது பக்கம் திருகாமல் இடது பக்கம் திருகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவளே மறுநாள் கவனித்து வருத்தப்பட்டாள். அந்த வருத்தம் ஒன்றுதான் ஏழு ஆண்டில் தங்கள் பிடிக்குத் தப்பியது.

காசு விஷயத்தில் தங்கள் விரக்தி போற்றத்தக்கது. நெட் தேறி ஜேஆர்எஃப் பெற்றவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அதுவும் சில சமயம் மாதக்கணக்கில் வராமல் சேர்ந்து வரும். அதுவரை காற்றைப் புசித்துக் கணக்குப் போடும் பயிற்சி. நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களுக்கு 8,000 ரூபாய். வேறிடங்களில் பலருக்கு அதுவும் கிடையாது; ஆய்வாளரே ஃபீஸ் கட்டலாம். எங்கள் பெண்ணின் ஃபீஸுக்கு ஒரு வருஷம் சம்பா நெல் போயிற்று, ஒரு வருஷம் அவள் அம்மாவின் தோடு போயிற்று.

பேப்பர் விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீசிஸ் கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது பத்திரிகையில் வந்திருக்க வேண்டும் என்று 2016 விதி சொல்லிற்று. விதி வந்ததும் பத்திரிகைகள் மழைக்காலத்துக் காளான் போல முளைத்தன; கட்டணம் கட்டினால் மூன்றே நாளில் ஆராய்ந்து அச்சிடும் அசுர வேகம். யுஜிசியே அங்கீகரித்து வைத்திருந்த பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 பத்திரிகைகளை நீக்கியது. நீக்கும்வரை அவற்றில் வந்தவை எல்லாம் அறிவியல்தான். நீக்கியபின் அவற்றால் பெற்ற பட்டங்களும் பட்டங்கள்தான். இந்த நிலைபேற்றை மலையும் பெற்றதில்லை. 2022இல் அந்தக் கட்டாயத்தை விதி விட்டுவிட்டது. ஆனாலும் பழக்கத்தை விட மனமில்லாத அவைகளில் ஸ்கோபஸ் பேப்பர் இருந்தால்தான் கையெழுத்து. காப்பியடிப்புச் சோதனையில் பத்து சதவீதம்வரை தண்டனை இல்லை. ஆகவே வந்த வாக்கியத்தையே வார்த்தை மாற்றி மாற்றி ஒன்பது சதவீதத்துக்கு இறக்கும் கலையில் அவள் இரண்டு மாதம் செலவிட்டாள். புதிதாக ஒரு வாக்கியம் யோசிக்க ஆகும் நேரத்தைவிட அது அதிகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் ஆண்டு மார்கழியில் நடந்ததை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவள் லீவுக்கு வந்திருந்தாள். அப்பா காலையில் வயலிலிருந்து வந்து, காலைக் கழுவாமலே ஒரு நெல் இலையை அவள் லேப்டாப் பக்கத்தில் வைத்தார். பிபிடி 5204. நல்ல சன்ன ரகம், நல்ல விலை போகும். குலைநோய்க்கு மட்டும் சட்டென்று ஆளாகும். இலையில் கண் வடிவத்தில் புள்ளிகள். நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. இரவுப் பனியின் ஈரம் இன்னும் இருந்தது.

"ஏம்மா, ரெண்டு தடவை ட்ரைசைக்ளசோல் அடிச்சாச்சு. கேக்கலை. அந்த மருந்து எப்படித்தான் வேலை செய்யுது? ஒன் கம்ப்யூட்டர்ல இதுக்கு ஏதாவது உண்டா?"

அவள் இலையைப் பார்த்தாள். "நான் பண்றது கேன்சர் புரோட்டீன், அப்பா. இது அக்ரிகாரங்க பாக்கறது" என்றாள்.

எவ்வளவு ஒருமுகப்பட்ட சிந்தை! குலைநோய்ப் பூஞ்சை இலையில் விழுந்ததும் ஒரு குமிழியை உண்டாக்குகிறது. அதன் சுவரில் மெலனின் என்ற கருநிறப் பூச்சு பூசி, உள்ளே அழுத்தத்தை ஏற்றுகிறது. கார் டயரின் காற்றழுத்தத்தைப் போல முப்பது மடங்குக்கு மேல் ஏறியதும், ஊசியாக இலையைக் குத்தி உள்ளே போகிறது. மெலனின் இல்லாவிட்டால் அழுத்தம் ஏறாது, குத்த முடியாது. ட்ரைசைக்ளசோல் அந்த மெலனினை உண்டாக்கும் ஒரு நொதியின் குழிக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. ஆகவே பூஞ்சை உள்ளே போகும் முன் அடித்தால்தான் பலன். புள்ளி விழுந்த இலையில் அடித்தால் அந்த இலை மீளாது. அந்த நொதியும் அந்த மருந்தும் பூட்டும் சாவியுமாக உட்கார்ந்திருக்கும் வடிவத்தை ஸ்வீடன் நாட்டார் 1996இலேயே படிகமாக்கிக் கண்டு, வங்கியில் வைத்திருக்கிறார்கள். எண் 1ஒய்பிவி. அவள் தினமும் திறக்கும் அதே வங்கி, அதே இலவசம். ஐந்து நிமிஷத்தில் இறக்கி, அப்பாவுக்குத் திரையில் சுழற்றிக் காட்டியிருக்கலாம்: இதோ நீ தோளில் சுமந்து அடிக்கிற மருந்து, இதோ அது போய் உட்கார்கிற இடம் என்று. ஊரிலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வடக்கே போனால் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம். இந்த மண்ணின் நோய், இந்த மண்ணின் பெண், அவளுக்குக் கைவந்த கருவி மூன்றும் ஒரே திண்ணையில் ஒரு மார்கழிக் காலையில் கூடியிருந்தன. அவை ஒன்றையொன்று தீண்டிவிடாமல் காத்தருளிய தங்கள் காவல் திறத்தை என்னென்பது!

அவர் இலையை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார். கடைக்காரர் வேறொரு பாட்டில் கொடுத்தார்.

ஏழாம் ஆண்டு கேட் திறந்தது. வைவாவுக்கு வெளியூர் எக்ஸாமினர் வந்தார். மட்டன் பிரியாணி, சால்வை, நினைவுப் பரிசு எல்லாம் பெண்ணின் செலவு. பன்னிரண்டு மணிக்குத் தொடங்கிய கேள்வி நேரம் பன்னிரண்டரைக்கு முடிந்து, சாப்பாடு இரண்டரைவரை நடந்தது. இன்று அவள் டாக்டர். மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறாள். சம்பளத்தைக் கேட்டு நான் அவளைச் சங்கடப்படுத்தவில்லை. பக்கத்துச் சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பின்னும் எனக்கு உயிரியல் தெரியாது என்று அமெரிக்காவில் மறுபடி மாணவராய்ப் போய் உட்கார்ந்து, ரைபோசோமின் வடிவத்துக்காக 2009இல் நோபல் பெற்றார். தெரியாது என்று சொல்லும் அந்தப் பலவீனம் தங்கள் பட்டதாரிகளிடம் தலைகாட்டாதபடி தாங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள்.

பட்டம் வாங்கி வந்த அன்று, கருப்பு பைண்டிங்கில் பொன்னெழுத்துப் பொறித்த தீசிஸை அவள் அப்பா மடியில் வைத்தாள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். ஆங்கிலம் தெரியாதவர், படங்களில் மட்டும் நின்றார். ராமச்சந்திரன் வரைபடம் வந்த பக்கத்தில் வெகுநேரம் நின்றார். வெள்ளைத் தாளில் தீவுதீவாக வண்ணத் திட்டுகள். நடுவில் அடர்த்தி, ஓரத்தில் வெளிறல்.

"இது என்னம்மா, நம்ம இலைல விழுந்த புள்ளி மாதிரியே இருக்கு?"

"இல்லப்பா. இது வேற."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த தாளைத் திருப்பினார்.

இந்த வருஷச் சம்பாவிலும் புள்ளி விழுந்திருக்கிறது. அதில் ஒரு இலையைக் கிள்ளி, காயாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றி, இம்மடலோடு காணிக்கையாக அனுப்பியிருக்கிறோம். திருச்சமூகம் திருக்கண் சார்த்தி ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
நீடாமங்கலத்துக் குடிகள்